குறுக்குக் காற்றில் ஒன்பது கிலோமீட்டர்

காலையில் எழுந்ததும் முதல் வேலை, கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பது. குழி விழும். குழி மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவேன். பத்துக்குள் வந்துவிட்டால் அன்று சுமக்கலாம். முப்பது எண்ணியும் வரவில்லை என்றால் உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது படுத்தால் மூச்சு முட்டும். நின்றால் இடுப்பு தனியாகக் கழன்று விழப் போவதுபோல் வலிக்கும். உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் சுமந்திருக்கிறேன். வெயில் என் சிறுநீரகம் இரண்டையும் காயப்போட்டு எடுத்துக்கொண்டது.

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். டயாலிசிஸ் சென்டர் வடக்கே துறைமுகச் சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் சுற்றிப் போனால் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு நாள் பாழ். செத்த பாத்திகளைக் கடந்து நேராகப் போனால் ஒன்பதுதான். செத்த பாத்தி என்றால் கடல்தண்ணீர் விடுவதை நிறுத்திப் பதினைந்து வருடமான தரை. வரப்புகள் கரைந்து, காய்ந்து இறுகி, சிமெண்டுத் தளம்போல் கிடக்கிறது. அதில் நடக்க என் காலில் தெம்பு இல்லை. சைக்கிள் மிதிக்க மூச்சு இல்லை. மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை.

அனுமதி ஏன் இல்லை என்பதை ஒப்பந்தம் போட்ட அன்றே கணக்கப்பிள்ளை தனசிங் சொல்லிவிட்டார். நாற்பது பெண்களையும் கொட்டகையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பட்டையைக் கொடுத்தார். இரண்டு விரல் அகலம், கறுப்பு ரப்பர், உள்பக்கம் சில்லென்று ஒரு வில்லை.

“மிஷின் வாருற உப்புக்கு இப்ப விலை கெடையாது. மனுஷன் சுமந்த உப்புக்குத்தான் வெளிநாட்டுல மவுசு.”

“உப்பு உப்புதான?” என்றாள் ஜெபமணி. சுமை வரிசையில் முதல் ஆள் அவள். பேச்சிலும் அப்படித்தான். “எதுக்கு அவ்வளவு குடுத்து வாங்குதான்?”

“இதை நெஞ்சுல கட்டிக்கிடணும். எத்தனை துடிப்புல சுமந்தியோ அத்தனையும் இது எழுதிக்கிடும். பாக்கெட்டுல ஒரு கட்டம் அடிச்சிருக்கும். போனைக் காட்டுனான்னா ஒன் நெஞ்சு துடிக்கிற சத்தம் அவனுக்குக் கேக்கும்.”

“கேட்டு?”

“கேட்டுட்டுச் சோறு திம்பான்.”

தனசிங் மட்டும் சிரித்தார். பிறகு விதிகளைச் சொன்னார். செத்த பாத்தி முடிகிற எல்லைவரை மோட்டார் சத்தம் கூடாது. கம்பங்களில் காது வைத்திருக்கிறார்கள். கேட்டால் அன்றைய உப்பு முழுவதும் கை உப்பு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஒரு மணி நேரம் ஓய்வு, அவரவர் இஷ்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும். மற்ற நேரத்தில் பட்டை இருபது நிமிடம் சும்மா கிடந்தால் ஒப்பந்தம் முடிந்தது. ஓய்விலிருந்து பிந்துகிறவளுக்கு மட்டும், வருடத்தில் ஒரே ஒரு தடவை, ஷிப்ட் முடிகிற நாலு மணி வரை தவணை. ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி தரும் வைத்திய அட்டையும் பிள்ளைகளின் ஹாஸ்டலும் போய்விடும்.

“சுமக்கும்போது நெஞ்சு நின்னுட்டா?” என்று ஜெபமணி கேட்டாள்.

“பட்டை கட்டிருக்கணும், வேலை நேரமா இருக்கணும். அப்படின்னா பிள்ளையோட படிப்பு முடியற வரைக்கும் கம்பெனி பொறுப்பு. பிள்ளை இல்லாதவளுக்கு வாரிசு யாரோ அவன் கையில பணம்.”

“இருக்கும்போது ஓடிக்கிட்டே இருக்கணும். செத்தாத்தான் மரியாதை போல.”

“எழுதுனவன் நான் இல்ல தாயி” என்றார் தனசிங்.

என் சிறுநீரகம் போனது தெரிந்தபோது ஒப்பந்தம் இரண்டாம் வருடத்தில் இருந்தது. வைத்தியத்துக்கு அட்டை வேண்டும். அட்டைக்குப் பட்டை ஓட வேண்டும். வைத்தியத்துக்குப் போனால் பட்டை ஓடாது. இதுதான் என் நிலைமை.

வழி சொன்னவர் மடை காவல் பெர்க்மான்ஸ் அண்ணாச்சி. கடல்தண்ணீர் உள்ளே வரும் மதகைத் திறந்து மூடுகிறவர். சுமக்கிற வேலை இல்லை என்பதால் அவருக்குப் பட்டை கிடையாது. பாய்மரத் தோணியில் மாலத்தீவு வரை போய்வந்த ஆள். தோணிகள் நின்றுபோனபின் மதகுக்கு வந்துவிட்டார்.

உப்பு வாங்குகிறவர்கள் குளிர்காலத்தில் நாங்கள் சுமப்பதை நேரில் பார்க்க வருவார்கள். அப்படி வந்த ஒருவன் விட்டுப்போன ஸ்கேட்போர்டு சாமான் கொட்டகையில் கிடந்தது. நீளப் பலகை, என் நெஞ்சு உயரம் வரும். உப்பு ஏறிச் சக்கரங்கள் செத்திருந்தன. அண்ணாச்சி அதைத் தூக்கிவந்து, குப்புறப் போட்டு, அச்சுகளை ஆட்டிப் பார்த்தார்.

“பலகை நல்ல பலகை. இந்தச் சக்கரம் ஆகாது. ரோட்டுச் சக்கரம், உப்புப் பொருக்குல முட்டி நிக்கும்.”

பழைய தண்ணீர் பம்பு இழுத்த வண்டியிலிருந்து காற்றடைத்த சின்னச் சக்கரம் நான்கைக் கழற்றினார். அச்சு ஒல்லி, ஓட்டை பெரிது. பித்தளைக் குழாயை வெட்டி இடையில் செருகிச் சரிக்கட்டினார். அச்சைப் பிடிக்கும் நட்டை முழு பலத்தோடு முறுக்கினார்.

“இவ்வளவு இறுக்கமா வச்சா எப்படித் திரும்பும்?” என்று கேட்டேன்.

“நீ கோயில் சுத்தவா போற? நேரா போவணும், நேரா வரணும். லூசா கெடந்தா வேகத்துல வெடவெடன்னு ஆடி ஒன்னத் தூக்கி அடிச்சிரும்.”

முன் அச்சுக்கு ஒரு சாண் பின்னால் பலகையில் துளை போட்டார். லாரி டயர் ரப்பரை இரண்டு மடிப்பாக வெட்டி அதில் போல்ட் அடித்து, அதன் தலையில் பாய்மரத்தைப் பொருத்தினார். பாய்மரம், விருந்தாளிகளுக்குப் போடும் கூடாரத்தின் ஃபைபர் கம்பு. ரப்பர் இருப்பதால் கம்பு எந்தப் பக்கமும் சாயும். தோணிப் பாய்மரம் சாயாது, இது சாய வேண்டும் என்றார். திசை திருப்புவதே அந்தச் சாய்வுதானாம். உப்பு மூடுகிற தார்ப்பாயை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மூங்கில் சிம்பு மூன்று செருகினார். பாயின் இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டிய மூங்கில்தான் கைப்பிடி.

அப்புறம் என் இடது கையைப் பார்த்தார். ஊசி குத்துகிற கை. முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோல் புடைத்து, தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடும். அந்தக் கையில் பாரம் ஏற்றக் கூடாது. அண்ணாச்சி சும்மாட்டுத் துணியை என் இடுப்பில் சுற்றி, அதில் ஒரு இரும்புக் கொக்கி தைத்தார். கைப்பிடியில் கயிற்றுக் கண்ணி. கண்ணியைக் கொக்கியில் மாட்டிவிட்டால் பாயை இழுப்பது என் உடம்பின் கனம், கையில்லை.

“கேட்டுக்கோ பேச்சி. பாயை நெஞ்சுப் பக்கம் இழுத்தா ஓடும், விட்டா நிக்கும். பயம் வந்தா கை தானா இறுக்கிப் பிடிக்கும். இறுக்குனா இன்னும் வேகமாப் போவும். பயந்தா விடணும். அது ஒண்ணுதான் கஷ்டம்.”

“போற காத்துலயே எப்படி அண்ணாச்சி திரும்பி வர?”

“சென்டர் வடக்க. காத்து மேக்கேருந்து. போவும்போது இடது தோள்ல அடிக்கும், வரும்போது வலது தோள்ல அடிக்கும். முதுகுல அடிக்கிற காத்து ஒருவழிப் பயணம். குறுக்க அடிக்கிற காத்துதான் கொண்டுபோயும் விடும், கொண்டாந்தும் விடும்.” கொக்கியை இழுத்துப் பார்த்தபடி சொன்னார்: “ஆனா ஒண்ணு. ரெண்டு மணிக்கு மேல கடக்காத்து ஏறும். மேகாத்தும் அதுவும் முட்டிக்கிற நேரம், ரெண்டும் செத்துரும். ஒரு இலை அசையாது. அதுக்கு முன்னால வந்துரணும்.”

மூன்று நாள் விழுந்து எழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்த இடத்தில் உப்பு ஏறி எரிந்தது. நான்காம் நாள் ஓடியது. சத்தமே இல்லை. கம்பத்தில் இருந்த காதுகளுக்குச் சக்கரத்தின் நறநறப்பும் பாயின் படபடப்பும்தான் கேட்டிருக்கும்.

பயணம் சரியாகிவிட்டது. பட்டைக்கு நெஞ்சு வேண்டும். போய்வர ஒரு மணி, மிஷினில் நான்கு மணி. மொத்தம் ஐந்து மணி நேரம்.

எங்களிடம் கைமாத்து என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி அவள் சுமையைச் சுமப்பாள். காசு வாங்க மாட்டாள், அரிசி வாங்க மாட்டாள். வாங்கினால் அது கூலி. என்ன கொடுத்தாளோ அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும்: நடைக்கு நடை, மணிக்கு மணி. பட்டை வந்தபின்னும் அது போகவில்லை. பட்டைக்கு ஆளைத் தெரியாது, துடிப்பை மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரே நெஞ்சில் இரண்டு பட்டை கட்டினால் இரண்டும் ஒரே துடிப்பை எழுதி மாட்டிவிடும். அதனால் ஓய்வு மணியில் தன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவள் பட்டையைக் கட்டிச் சுமக்க வேண்டும்.

ஐந்து பேர் தங்கள் ஓய்வை எனக்குத் தந்தார்கள். எட்டரைக்கு ஜெபமணி தொடங்குவாள். கடைசி மணி, பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை. அதை யாரும் கேட்கவில்லை. சொர்ணம் எடுத்துக்கொண்டாள்.

“உச்சிவெயிலாச்சே, ஏளா” என்றேன்.

“வெயிலு எனக்குத் தாய்மாமன்லா. என்னத்தச் செஞ்சிரும்?” என்றாள். எப்போதும் கன்னத்தில் ஒரு புளிக்கொட்டை ஒதுக்கி வைத்திருப்பாள், நாக்கு வறளாமல் இருக்க. அவளுக்கு ஒரே மகள், கார்த்தீஸ்வரி. கம்பெனி செலவில் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் பதினொன்று படித்தாள். தினமும் என் ஓய்வு மணியில், சென்டருக்குப் போகிற நாளில் எட்டரைக்கு முன்பே, நான் அவர்கள் பட்டையைக் கட்டிச் சுமந்தேன். சொர்ணத்தின் முறை வந்தால் அவள் நிழலில் படுத்து, தூங்காமல், நான் சுமப்பதைப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டே இருப்பாள். “ஏட்டி, என் நெஞ்சு நல்லாத் துடிக்குதா? பழுதாக்கிக் குடுத்துராத.”

எழுபது நாள் இப்படி ஓடியது. என் கால் குழி பத்து எண்ணுவதற்குள் மேலே வந்தது.

எழுபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. மிஷின் ஒரு மணிக்கு முடிந்தது. சென்டரில் குளிர்சாதனம். முந்தின ராத்திரி வலியில் தூங்கவில்லை. நர்ஸ் ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டே, “அடுத்த ஆள் ரெண்டு மணிக்குத்தான்க்கா. எழுப்பட்டா, கொஞ்சம் கெடக்கியளா?” என்றாள்.

“அரைமணி கெடக்கேன்” என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காற்று நின்றது என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். காற்று நின்றதும் உண்மைதான்.

ஒன்றே முக்காலுக்குப் பலகையில் ஏறினேன். நான்கு கிலோமீட்டர் அம்புபோல் வந்தது. பிறகு இடுப்புக் கொக்கியில் இழுப்பு குறைந்தது. பாய் ஒருமுறை படபடத்துத் தொங்கிவிட்டது. சக்கரம் உருண்டு உருண்டு நின்றது. சுற்றிலும் வெள்ளை, எந்தப் பக்கமும் ஒரு அசைவு இல்லை. அண்ணாச்சி சொன்ன நேரம்.

கம்பைச் சாய்த்துப் பலகைமேல் போட்டுக் கயிற்றால் இழுத்துக்கொண்டு நடந்தேன். ஐந்து கிலோமீட்டர். அரை கிலோமீட்டருக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். பலகையை விட்டுவிட்டு வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். விட மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு வேண்டுமே என்று நினைத்தேன்.

நான் வரும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. கொட்டகைக்கு வெளியே பெண்கள் நின்றார்கள், தனசிங்கே சுமையை நிறுத்திவைத்திருந்தார். ஜெபமணி ஓடிவந்து என்னை மதகுச் சுவருக்குப் பின்னால் இழுத்தாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் துணி. உப்பு வெளிச்சத்துக்காக எல்லோரும் அப்படித்தான் இருப்போம். அவள் துணி மூக்குக்குக் கீழே நனைந்திருந்தது.

“சொர்ணம் போயிட்டா.”

எனக்கு விளங்கவில்லை. எங்கே போனாள் என்று கேட்டேன்.

“ஒன்றரைக்கு நீ வரல. எங்க ஓய்வெல்லாம் முடிஞ்சிட்டு. எங்க பட்டைய எறக்க முடியாது. அவதான், இப்ப வந்துருவா, இப்ப வந்துருவான்னு ஒன் பட்டையோட சுமந்தா. தன் பட்டை கொட்டகையில கெடக்கு, போய்க் கட்டுட்டின்னேன். இத அவுத்தா அவளுக்கு அட்டை போயிரும்க்கான்னா. ரெண்டு நாப்பதுக்கு உப்புத் தட்டோட விழுந்தா. புளிக்கொட்டை வாயிலயே இருந்துச்சு.”

நான் கொட்டகைப் பக்கம் அடி எடுத்து வைத்தேன். ஜெபமணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“நில்லு. தனசிங்கு பட்டைய வாசிச்சிட்டான். பேச்சித்தாய், நெஞ்சு நின்னுட்டுன்னு அனுப்பியாச்சு. முகத்தத் தூக்கிப் பாக்கல அவன். செத்தது நீதான்.”

“சொர்ணம் பட்டை?”

“ஓய்வுலேருந்து திரும்பலன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு. நாலு மணிக்குள்ள யாரும் கட்டலன்னா அவ ஓடிப்போனவ. ஓடிப்போனவ மகளுக்கு ஹாஸ்டல் கெடையாது.”

“நான் போய் உண்மையச் சொல்லிருதேன்.”

“சொல்லு. பட்டை மாத்துனதுக்கு நாப்பது பேரையும் நாளைக்குக் காலையில வெளிய தள்ளுவான். செத்தவளுக்கும் ஒண்ணும் வராது, மோசடின்னு எழுதிருவான்.” ஜெபமணி மடியிலிருந்து பட்டையை எடுத்தாள். என் ரவிக்கைக்குள் கை விட்டுக் கட்டினாள். வில்லை சில்லென்று பட்டது. ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. “இனி நீதான் சொர்ணம். போய்த் தட்டை எடு.”

எடுத்தேன். என்னைக் கடந்துதான் அவளைத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் மயானத்தில் பலகையில் என் பெயர் எழுதியிருந்தது. திருப்பூரிலிருந்து என் அண்ணன் நல்லசிவம் வந்தான். ஒன்பது வருடமாக எட்டிப் பார்க்காதவன். மூடிய பெட்டியைப் பார்த்து, முறைப்படி தலையில் அடித்துக்கொண்டு, தனசிங் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நான் பத்தடி தள்ளி நின்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

கார்த்தீஸ்வரியை ஜெபமணி போய்க் கூட்டிவந்திருந்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பிள்ளை ஹாஸ்டல் சீருடையில் என் பக்கத்தில் நின்றது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தனசிங் அருகில் வந்து, “சொர்ணம், ஒன் மகளா? அம்மாவாட்டமே இருக்கா” என்றார்.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தது. இடது கை, நரம்பு ஓடுகிற கை. “ஆமா சார்” என்றது. பிறகு என்னைப் பார்த்து, “அம்மா, நேரமாவுது, பஸ்ஸுக்குப் போவட்டா?” என்றது. அவள் அம்மாவுக்கு அப்போது தீ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய உப்பைத் தனியாகக் கட்டினார்கள். தனசிங் சொன்னார், முழுதையும் ஒரே ஆள் வாங்கிவிட்டானாம். கடைசித் துடிப்பு உள்ள பாக்கெட் வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுதியிருந்தானாம்.

செவ்வாய்க்கிழமை, பட்டையை ஜெபமணியிடம் கொடுத்துவிட்டு, சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். காற்று நன்றாக அடித்தது. வாசலில் ரேகை பார்க்கிற மிஷினில் விரல் வைத்தேன். நர்ஸ் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பேச்சித்தாய் எறந்துட்டதா வருதுக்கா.”

“சொர்ணம்னு ஒரு அட்டை இருக்கு. அதுல போட முடியாதா?”

“அந்த அட்டைக்கு வேற விரலு. அவங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லன்னு வருது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நிறுத்துனா பத்து நாள்க்கா. மிஞ்சுனா பதினஞ்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நெசத்தச் சொன்னாச் சேத்துக்கிடுவாங்க.”

நெசத்தைச் சொன்னால். திரும்பி வரும்போது காற்று வலது தோளில் அடித்தது. ஐந்து மணி நேரம் ஆகவில்லை, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டேன்.

சென்டரிலிருந்து அப்படித் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலையில் கணுக்காலை அழுத்தினேன். நூறு எண்ணினேன். குழி அப்படியே இருந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ராத்திரிகள்தான் பயம். குடிசையில் பாயில் கிடக்கும்போது, பட்டை ஆணியில் தொங்கும்போது, மூச்சு நின்றுவிட்டால் எல்லாம் வீண். அது சொர்ணம் வீட்டில் இயற்கையாகச் செத்ததாகிவிடும். ஹாஸ்டலிலிருந்து பிள்ளையின் பெட்டியை வெளியே வைத்துவிடுவார்கள். அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைக்கிறேன்.

இன்று எட்டரைக்குப் பெர்க்மான்ஸ் அண்ணாச்சி மதகருகில் பலகையை எடுத்து வைத்திருந்தார். பாய் ஏற்றியிருந்தது. மேல்காற்றில் அது தரையிலேயே துள்ளிக்கொண்டிருந்தது.

“ஏறு பேச்சி. இருபது நிமிஷத்துல ரோட்டுல நிப்ப. அங்கேருந்து ஆம்புலன்ஸக் கூப்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நாப்பது பேரும் வேற வேலை பாத்துக்கிடட்டும். நீ உசுரோட இரு.”

“கார்த்தீஸ்வரி?”

அவர் கொக்கியை நீட்டிக்கொண்டே நின்றார்.

“எனக்கு இன்னும் நடை பாக்கி இருக்கு அண்ணாச்சி” என்றேன். “பாயை எறக்கிருங்க. தார்ப்பாய் நல்லாருக்கு, மழைக்கு உப்பு மூட ஆகும்.”

பட்டையை இறுக்கினேன். பச்சைப் புள்ளி எரிந்தது. சும்மாட்டைத் தலையில் வைத்து, குனிந்து தட்டைப் பிடித்தேன். மறுபக்கம் ஜெபமணி தூக்கிவிட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணி எட்டு நாற்பது. ஷிப்ட் முடிய இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சொர்ணத்துக்கு நான் தர வேண்டியது ஒரு சாவு. அவள் பட்டையில், வேலை நேரத்தில். இன்னும் கொடுக்கவில்லை.